நூனா கார்கள், 2001–2019: ஒரு மாணவர் அணியின் வடிவமைப்பு முடிவுகள் குறித்த நிகழ்வு ஆய்வு

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் 2001-ஆம் ஆண்டு, சூரிய ஒளியில் ஓடும் கார்களுக்காக ஆஸ்திரேலியாவில் நடைபெறும் வேர்ல்டு சோலார் சேலஞ்ச் பந்தயத்தில் முதன்முறையாகக் கலந்துகொண்டு, அந்த முதல் முயற்சியிலேயே வெற்றி பெற்றார்கள். 2001 முதல் 2017 வரை நடந்த ஒன்பது பந்தயங்களில் ஏழில் அவர்களுடைய நூனா வரிசைக் கார்கள் முதலிடம் பெற்றன. எஞ்சிய இரண்டிலும் இரண்டாமிடம் கிடைத்தது. பத்தாவது பந்தயமான 2019-இல், கடைசி நாளன்று முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த நூனா எக்ஸ் சாலையிலேயே தீப்பற்றி எரிந்துபோனது.

இந்த அணியை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அதன் வெற்றி எண்ணிக்கை மட்டுமன்று. ஒவ்வொரு பந்தயத்துக்கும் முற்றிலும் புதிய மாணவர் குழு வருகிறது. முந்தைய காரைக் கட்டியவர்கள் படிப்புக்குத் திரும்பிவிடுகிறார்கள், அல்லது பட்டம் பெற்று வெளியேறிவிடுகிறார்கள். அனுபவம் இல்லாதவர்கள், விதிகள் அடிக்கடி மாறும் ஒரு களத்தில், தொடர்ந்து முன்னணியில் நிற்க முடிந்தது எப்படி என்பதே இங்கு எழுப்பப்படும் கேள்வி. உயர்ந்த விலையுள்ள சோலார் செல்களே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படும் விடை முழுமையானதன்று என்பதும், இழப்புகளைக் கணக்கிட்டு எந்த இழப்பைக் குறைப்பது, எதை விட்டுவைப்பது என்று முடிவெடுத்த விதமே கூடுதலாகப் பங்களித்தது என்பதும் இந்த ஆய்வின் நிலைப்பாடு.

பந்தயத்தின் அமைப்பு

டென்மார்க்கில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஹான்ஸ் தோல்ஸ்ட்ரப், 1983-இல் ஒரு சூரியக் காரில் பெர்த்திலிருந்து சிட்னிவரை கண்டத்தைக் குறுக்காகக் கடந்தார். அந்தப் பயணத்தின் தொடர்ச்சியாக 1987-இல் வேர்ல்டு சோலார் சேலஞ்ச் தொடங்கியது. பாதை வடக்கே டார்வினில் தொடங்கி, பெரும்பகுதி ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை வழியே, ஏறத்தாழ 3,000 கி.மீ. தெற்கே உள்ள அடிலெய்டில் முடிகிறது. முதல் பந்தயத்தை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் சன்ரேசர் மணிக்கு சராசரியாக 66.9 கி.மீ. வேகத்தில் வென்றது. 1990-இல் சுவிட்சர்லாந்தின் பீல் பொறியியல் பள்ளியின் கார் வென்றபோது, பெருநிறுவனங்களுக்கு எதிராக ஒரு கல்லூரி அணியாலும் வெல்ல முடியும் என்பது உறுதியானது. ஆனால் 1993, 1996 ஆகிய இரு பந்தயங்களையும் ஹோண்டா வென்றது. 1996-இல் அதன் சராசரி வேகம் 89.76 கி.மீ. மாணவர் அணிகளுக்கு எட்டாத உயரமாகவே அது அப்போது தோன்றியது.

ஓட்டும் நேரம் காலை 8 மணி முதல் மாலை 5 மணிவரை. ஐந்து மணிக்குக் கார் எங்கே இருக்கிறதோ அங்கேயே சாலையோரத்தில் அணி முகாமிட வேண்டும். வழியில் குறிப்பிட்ட ஊர்களில் 30 நிமிடக் கட்டாய நிறுத்தங்கள் உண்டு. மாலை ஐந்துக்குப் பின் கதிரவன் மறையும்வரையிலும், காலை எட்டுக்கு முன்பும், சோலார் தகட்டைக் கழற்றி அல்லது சாய்த்துக் கதிரவனை நோக்கி நிறுத்தி பேட்டரிக்கு மின்னேற்றலாம். ஓட்டுநர் 80 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் அந்த வேறுபாட்டுக்கு எடைக்கட்டி ஏற்ற வேண்டும். எனவே மெலிந்த ஓட்டுநரைத் தேர்ந்தெடுப்பதால் எடையில் ஆதாயம் இல்லை. புறப்படும்போது பேட்டரி முழுமையாக நிரம்பியிருக்கலாம். அதற்குப் பிறகு கதிரவன் தருவதும், பிரேக் பிடிக்கும்போது மோட்டார் திருப்பித் தரும் சிறு பங்கும் மட்டுமே.

2001: விண்வெளியிலிருந்து வந்த உதவி

முதல் நூனாவின் பின்னணியில் இருந்தவர் வுபோ ஒக்கல்ஸ். விண்வெளிக்குச் சென்ற முதல் நெதர்லாந்துக் குடிமகனான அவர், டெல்ஃப்டில் பேராசிரியராகவும் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் அலுவலராகவும் இருந்தார். அவர் வழியாக மாணவர்களுக்குச் செயற்கைக்கோள்களில் பயன்படும் காலியம் ஆர்சனைடு செல்கள் கிடைத்தன. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் பழைய சோலார் தகட்டிலிருந்து எடுக்கப்பட்ட இரு பட்டைகள்கூட அந்தக் காரின் பக்கவாட்டில் ஒட்டப்பட்டிருந்தன. கார் 32 மணி 39 நிமிடத்தில், சராசரி 91.81 கி.மீ. வேகத்தில் அடிலெய்டை அடைந்து, ஹோண்டாவின் சாதனையை முறியடித்தது.

இந்த வெற்றியை விண்வெளிச் செல்களின் வெற்றி என்று சொல்வது எளிது. அது ஓரளவு உண்மையுங்கூட. ஏனெனில் அக்காலச் சிலிக்கான் செல்களைவிட அவை கணிசமாக அதிக மின்சாரம் தந்தன. ஆனால் செல் தரும் மின்சாரத்தை வீணாக்காமல் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இல்லாவிட்டால் அந்தச் சாதகம் சாலைக்கு வந்து சேராது. தொடராக இணைக்கப்பட்ட செல்களில் ஒன்றின் மீது நிழல் விழுந்தால், அந்தத் தொடர் முழுவதிலும் ஓடும் மின்னோட்டம் அந்த ஒரு செல்லின் அளவுக்கு இறங்கிவிடும். வளைந்த உடலின் ஒவ்வொரு பகுதியிலும் ஒளி வேறு கோணத்தில் விழுவதால், நிழல் இல்லாதபோதும் இந்த ஏற்றத்தாழ்வு இருந்துகொண்டே இருக்கும். எனவே தகட்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதன் உச்சத் திறன் புள்ளியைத் தேடிப் பிடிக்கும் தனி மின்னணுக் கருவியைப் பொருத்துகிறார்கள். எம்பிபிடி என்று சோலார் துறையினர் சொல்லும் இக்கருவியிலும் விண்வெளித் தொழில்நுட்பமே முதல் நூனாவுக்குக் கைகொடுத்தது.

பாதையின் திசையும் இதில் சேர்ந்துகொள்கிறது. கார் வடக்கிலிருந்து தெற்கே போகிறது. பந்தயம் அப்போது நடந்த அக்டோபர், நவம்பர் மாதங்களில் நண்பகல் கதிரவன் பாதையின் பெரும்பகுதியில் காருக்குப் பின்னால், வடக்குப் பக்கமாகச் சாய்ந்திருக்கும். காலையில் வெயில் இடப்பக்கத்திலிருந்தும் மாலையில் வலப்பக்கத்திலிருந்தும் வரும். ஆகவே மூக்குப் பகுதியில் முன்னோக்கிச் சரிந்திருக்கும் செல்லைவிட வால் பகுதியில் பின்னோக்கிச் சரிந்திருக்கும் செல் நாள் முழுவதும் சேர்த்துக் கூடுதலாகத் தரும். ஓட்டுநரின் கண்ணாடிக் கூண்டு எந்த இடத்தில் இருந்தால் அதன் நிழல் செல்கள்மீது குறைவாக விழும் என்பதும் இதே கணக்கில்தான் முடிவாகிறது. ஒரு குறிப்பிட்ட சாலைக்காக, ஒரு குறிப்பிட்ட மாதத்துக்காக வடிவமைக்கப்படும் வாகனம் இது.

ஆற்றல் கணக்கு

மாணவர் அணி எடுக்கும் ஒவ்வொரு முடிவும் ஒரு சிறிய கணக்கில் வந்து நிற்பதால், அதை எண்களோடு காண்பது அவசியம். கீழுள்ள மதிப்புகள் எந்த ஒரு நூனாவின் அளவீடும் அல்ல; இவ்வகைக் கார்களுக்குப் பொருந்தும் முழு எண்களாக எடுத்துக்கொள்ளப்பட்டவை.

காற்றுத்தடைக் கெழுவையும் முகப்புப் பரப்பையும் பெருக்கிவரும் மதிப்பு 0.08 சதுர மீட்டர் என்றும், ஓட்டுநரோடு காரின் எடை 260 கிலோ என்றும், டயரின் உருளல் தடைக் கெழு 0.004 என்றும் கொள்வோம். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் காற்றைக் கிழித்துச் செல்ல ஏறத்தாழ 750 வாட்டும், டயரின் உருளலுக்கு 255 வாட்டும் தேவைப்படும். மொத்தம் சுமார் 1,000 வாட். ஒரு சாதாரண இஸ்திரிப் பெட்டி எடுத்துக்கொள்ளும் மின்சாரம் அவ்வளவுதான். வேகத்தை 100 கி.மீ. ஆக்கினால் காற்றுக்கு மட்டும் 1,030 வாட் ஆகி, மொத்தம் 1,300 வாட்டைத் தாண்டிவிடும். வேகம் 11 விழுக்காடு கூடியதற்குத் தேவைப்படும் திறன் 30 விழுக்காடு கூடுகிறது. காற்றுத்தடைக்கு எதிரான திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக உயர்வதே இதற்குக் காரணம்.

3,000 கி.மீ. தூரத்துக்கு 90 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 33.5 யூனிட் மின்சாரம் வேண்டும். 2015 முதல் 2019 வரையிலான விதிகள் அனுமதித்த 20 கிலோ லித்தியம் அயனி பேட்டரியில் அடங்குவது சுமார் 5 யூனிட். எனவே ஆறில் ஐந்து பங்கு வழியிலேயே வெயிலிலிருந்து சேகரிக்கப்பட வேண்டியது. பேட்டரி முதன்மை எரிபொருள் அல்ல, மேகத்தையும் மேட்டையும் கடப்பதற்கான இருப்பு.

இதே கணக்கு வேகத்தைச் சீராக வைத்திருப்பதன் மதிப்பையும் சொல்கிறது. பாதி நேரம் 80 கி.மீ., பாதி நேரம் 100 கி.மீ. என்று ஓட்டினாலும் சராசரி 90 தான். ஆனால் காற்றுக்குச் செலவாகும் திறன் 750 வாட்டிலிருந்து 778 வாட்டாக உயர்ந்துவிடும். 28 வாட் அற்பமாகத் தோன்றலாம். 33 மணி நேரத்துக்கும் மேலாக அது தொடரும்போது ஏறத்தாழ 0.9 யூனிட், அதாவது பேட்டரியின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு கரைந்துபோகும். மலிவான ஒரு வேகக் கட்டுப்பாட்டு மென்பொருளும், பொறுமையுள்ள ஓட்டுநரும், பின்னால் வரும் வண்டியில் அமர்ந்து வானிலை முன்னறிவிப்பைப் படிக்கத் தெரிந்த ஒரு மாணவரும் சேர்ந்து அந்த ஐந்தில் ஒரு பங்கைக் காப்பாற்றுகிறார்கள்.

நிறுத்தங்களின் விலையையும் பார்க்கலாம். டயர் வெடித்து 10 நிமிடம் நின்றுபோனால், அந்த நேரத்திலும் செல்கள் பேட்டரிக்கு மின்னேற்றுவதால் பின்னர் சற்றே வேகமாக ஓட்டி ஒரு பகுதியை மீட்கலாம். மேலே சொன்ன காரைப் பொறுத்தமட்டில், அவ்வாறு மீட்டது போக நிகர இழப்பு சுமார் 6 நிமிடம். இந்த 6 நிமிடத்தைச் செல்களின் தரத்தால் ஈடுகட்ட வேண்டுமானால், 24 விழுக்காடு செயல்திறனுள்ள செல்களுக்குப் பதிலாக 24.2 விழுக்காடு செல்களை வாங்க வேண்டியிருக்கும். 2015-இல் நூனா 8 வென்றது. இரண்டாவதாக வந்த ட்வென்டே பல்கலைக்கழகக் கார் அதற்கு ஏறத்தாழ 8 நிமிடம் மட்டுமே பின்தங்கியிருந்தது. 3,000 கி.மீ. ஓடிய பின் எட்டு நிமிட இடைவெளி என்றால், ஒரு டயரின் தேய்மானம் எவ்வளவு பெரிய முடிவுகளைத் தாங்கி நிற்கிறது என்பது விளங்கும்.

காற்றுத்தடையைக் குறைப்பது என்பது வடிவத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். உடலைத் தழுவிச் செல்லும் காற்றுப்படலம் சீரான அடுக்குகளாக எவ்வளவு தூரம் நீடிக்கிறதோ அவ்வளவுக்கு உராய்வு குறையும். இரு பலகைகள் சேரும் இடத்தில் ஒரு தாளின் கனத்துக்கு மேடு இருந்தாலும் அந்தப் படலம் அங்கேயே குழம்பிச் சுழலத் தொடங்கிவிடும். கணினியில் கிடைத்த எண் சாலையில் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் உடலை மணல்தாளால் தேய்த்தவர்களின் கைகளைப் பொறுத்தது.

விதிகள் மாறிய வரலாறு

2003-இல் நூனா 2 சராசரி வேகத்தை 97.02 கி.மீ. ஆக உயர்த்தியது. 2005-இல் நூனா 3 அதை 102.75 கி.மீ. ஆக்கி, 29 மணி 11 நிமிடத்தில் பந்தயத்தை முடித்தது. பாதையின் தென்பகுதியில், தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தில், நெடுஞ்சாலை வேக வரம்பு மணிக்கு 110 கி.மீ. வென்ற காரின் சராசரியே அந்த வரம்பை நெருங்கிவிட்ட நிலையில், மேலும் வேகமான கார்களுக்கு அந்தப் பொதுச் சாலையில் இடமில்லை. 2007-இல் அமைப்பாளர்கள் முதன்மைப் பிரிவுக்குப் புதிய விதிகளைக் கொண்டுவந்தார்கள். சோலார் தகட்டின் பரப்பு 6 சதுர மீட்டராக, அதாவது கால்பங்கு குறைக்கப்பட்டது. ஓட்டுநர் படுத்தவாறு ஓட்டக்கூடாது, நிமிர்ந்து அமர வேண்டும். பிறர் உதவியின்றி வெளியேற முடிய வேண்டும்.

அந்த ஆண்டு நூனா 4 சராசரி 90.87 கி.மீ. வேகத்தில் வென்றது. செல் பரப்பு 25 விழுக்காடு குறைந்து, நிமிர்ந்த இருக்கையால் முகப்பும் உயர்ந்த பின், வேகம் ஏறத்தாழ 12 விழுக்காடு மட்டுமே சரிந்தது. 2017-இலும் இதே கதை: சிலிக்கான் செல்களுக்கான வரம்பு 6-லிருந்து 4 சதுர மீட்டராகவும், காலியம் ஆர்சனைடு வகைக்கு 2.64 சதுர மீட்டராகவும் இறக்கப்பட்டது. முந்தைய பந்தயத்தின் 91.75 கி.மீ. வேகத்துக்கு எதிராக நூனா 9 எட்டியது 81.2 கி.மீ.; சிலிக்கான் வரம்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தும் வேக இழப்பு மீண்டும் 12 விழுக்காட்டுக்குள் நின்றது. வானிலை ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் இந்த எண்களை மிகத் துல்லியமாக ஒப்பிடலாகாது. எனினும் போக்கு தெளிவானது. திறனுக்கும் வேகத்துக்கும் இடையில் மும்மடி உறவு நிற்பதால், செல்களைக் கூட்டுவது தரும் பலனும் குறைவு, அவற்றைக் குறைப்பது தரும் தண்டனையும் குறைவு. செல்களே வெற்றியைத் தீர்மானிக்கின்றன என்ற கருத்தை என்னால் ஏற்க முடியாததற்கு முதன்மையான காரணம் இதுதான்.

ஆனால் இதற்கு எதிரான சான்றையும் மறைக்கக் கூடாது. 2009-இல் ஜப்பானின் டோக்காய் பல்கலைக்கழகம், ஷார்ப் நிறுவனத்தின் உயர்தரச் செல்களோடு வந்து, 6 சதுர மீட்டர் வரம்புக்குள்ளேயே சராசரி 100.54 கி.மீ. எட்டி டெல்ஃப்டின் தொடர் வெற்றியை நிறுத்தியது. சமமான வடிவமைப்புள்ள இரு கார்களுக்கு இடையில் செல் தரம் முடிவைத் தீர்மானிக்கக்கூடும் என்பதை அந்தப் பந்தயம் காட்டியது. அதையடுத்து 2011-இல் காலியம் ஆர்சனைடு போன்ற விலையுயர்ந்த கூட்டுப்பொருள் செல்களுக்குத் தனியாகக் குறைந்த பரப்பு வரம்பு விதிக்கப்பட்டது. டோக்காய் அந்த ஆண்டு சிலிக்கான் செல்களோடு வந்தும் மீண்டும் வென்றது.

2013-இல் முதன்மைப் பிரிவில் நான்கு சக்கரங்கள் கட்டாயமாயின. அதுவரை மூன்று சக்கரங்களே வழக்கம்; ஒரு சக்கரம் குறைந்தால் ஒரு டயரின் தடையும் அதை மூடும் கூண்டின் காற்றுத்தடையும் குறையும். விதி மாறியவுடன் பல அணிகள் ஓட்டுநரை நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு மாற்றின. இடவலச் சக்கரங்களை மூடும் இரு நீண்ட கூண்டுகளில் ஒன்றுக்குள்ளேயே ஓட்டுநரை அமர்த்திவிட்டால், தனியாக ஒரு நடு உடல் தேவையில்லை. இரண்டுக்கும் நடுவே காற்று தடையின்றிக் கடந்துபோகும். நூனா 7 இந்தச் சமச்சீரற்ற வடிவத்தில் கட்டப்பட்டு 90.71 கி.மீ. சராசரியோடு வெற்றியை டெல்ஃப்டுக்கு மீட்டுத் தந்தது. கட்டுப்பாட்டை ஒரு தடையாகப் பாராமல் வடிவமைப்புக் கேள்வியைப் புதிதாகக் கேட்கும் வாய்ப்பாக எடுத்துக்கொண்டதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இப்பந்தய வரலாற்றில் இல்லை என்பது என் மதிப்பீடு.

கட்டும் ஆண்டு

டெல்ஃப்ட் மாணவர்கள் படிப்பை ஏறத்தாழ ஓர் ஆண்டு நிறுத்திவைத்து முழுநேரமாகக் காரில் ஈடுபடுகிறார்கள். வளாகத்தில் மாணவர் அணிகளுக்கென்றே ட்ரீம் ஹால் என்ற பணிக்கூடம் இருக்கிறது. அங்கே பந்தயக் கார், மனித ஆற்றலால் ஓடும் மிதிவண்டி, படகு எனப் பல அணிகள் ஒரே கூரையின் கீழ் வேலை செய்கின்றன. புதிய குழுவுக்குக் கிடைக்கும் முதல் சொத்து முந்தைய காரும், அதன் அளவீட்டுப் பதிவுகளும், தொலைபேசியை எடுக்கத் தயாராக இருக்கும் முன்னாள் உறுப்பினர்களுமே.

ஓராண்டில் மிகக் கடினமான நாள், வடிவத்தை இறுதி செய்யும் நாள். கணினியில் காற்றோட்டத்தை உருவகப்படுத்திப் பார்க்கும் மாணவருக்கு இன்னும் ஒரு விழுக்காடு தடையைக் குறைக்க எப்போதும் ஒரு வழி தெரியும். அவரை நிறுத்தாவிட்டால் காரின் உடலை உருவாக்கும் வார்ப்பு அச்சைச் செய்வது தள்ளிப்போகும். அச்சு தாமதித்தால் கார்பன் இழைகளை அடுக்கி, வெப்ப அழுத்த அறையில் இறுக்கி, உடலை வெளியே எடுப்பது தாமதிக்கும். இறுதியில் வெட்டுப்படுவது சோதனை ஓட்டத்துக்கான காலமே. வரைபடத்தில் கிடைக்கும் அந்த ஒரு விழுக்காடு எல்லோருக்கும் கண்ணில் படுகிறது. சோதனை ஓட்டம் குறைந்ததால் கண்டுபிடிக்கப்படாமல் போன ஒரு தளர்ந்த இணைப்போ, சூடேறும் ஒரு தாங்கியோ யார் கண்ணிலும் படுவதில்லை. பத்து நிமிட நிறுத்தம் ஒன்றின் விலையை மேலே கண்டோம். வடிவமைப்பை உரிய நாளில் நிறுத்தும் துணிவு அந்த விலைக்கு எதிரான காப்பீடு.

எதைத் தானே செய்வது, எதை வாங்குவது என்பதும் இதே வகை முடிவு. சக்கரத்துக்குள்ளேயே பொருந்தும் நேரடி இயக்க மோட்டார்கள் பல் சக்கரங்களையும் சங்கிலியையும் தவிர்த்துவிடுவதால், 97 விழுக்காட்டுக்கும் மேலான செயல்திறனை எட்டுகின்றன. இன்னும் அரை விழுக்காட்டுக்காகச் சொந்த மோட்டாரை உருவாக்கும் அணி, அதற்காகச் செலவிடும் மாதங்களை வேறெங்கிருந்தோ எடுத்தாக வேண்டும். தொங்கல் அமைப்பு (சஸ்பென்ஷன்), உடல், பேட்டரித் தொகுப்பு போன்ற, காரின் வடிவத்தோடு பிரிக்க முடியாதவற்றை அணியே செய்வதும், மோட்டாரையும் டயரையும் செல்களையும் வெளியிலிருந்து பெறுவதும் முன்னணி அணிகளிடையே பரவலான பழக்கம்.

டார்வினுக்கு வந்து சேர்ந்த பின் அமைப்பாளர்களின் பரிசோதனை நடக்கும். பிரேக், நிலைத்தன்மை, மின்காப்பு, ஓட்டுநர் சில நொடிகளுக்குள் தானாக வெளியேறுவது ஆகிய அனைத்தும் பார்க்கப்படும். பின்னர் ஹிடன் வேலி பந்தயத் தளத்தில் ஒரு சுற்றின் நேரத்தைக் கொண்டு புறப்பாட்டு வரிசை முடிவாகிறது.

2019

இந்தப் பந்தயத்தில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட், ட்வென்டே, பெல்ஜியத்தின் லூவன், ஜப்பானின் டோக்காய் ஆகிய பல்கலைக்கழகங்களின் கார்கள் நெருக்கமாகப் போட்டியிட்டன. முன்னணியில் இருந்த ட்வென்டேயின் ரெட் ஈ பலத்த பக்கக்காற்றில் சாலையை விட்டு விலகிக் கவிழ்ந்து போட்டியிலிருந்து வெளியேறியது. அதன்பின் முதலிடத்துக்கு வந்த நூனா எக்ஸ், கடைசி நாளன்று அடிலெய்டுக்குச் சுமார் 250 கி.மீ. எஞ்சியிருந்தபோது தீப்பற்றியது. ஓட்டுநர் உரிய நேரத்தில் இறங்கித் தப்பினார். கார் முழுவதும் எரிந்தது. லூவன் மாணவர்களின் புளூபாயின்ட் சராசரி 86.6 கி.மீ. வேகத்தில் வந்து, பெல்ஜியத்துக்கு இப்பந்தயத்தில் முதல் வெற்றியைப் பெற்றுத் தந்தது.

இரு விபத்துகளையும் துரதிர்ஷ்டம் என்று எழுதிவைத்துவிட்டு நகர்வது பொருந்தாது. இரண்டும் இவ்வகைக் கார்களின் அடிப்படை இயல்போடு தொடர்புடையவை. எடை குறைந்த, தட்டையான, பக்கவாட்டில் நீண்ட கூண்டுகளுள்ள உடல் மீது காற்று குறுக்காக மோதும்போது, அந்தக் கூண்டு பாய்மரம்போல் செயல்படுகிறது. அணிகள் இதை அறிந்தே வடிவமைக்கின்றன. ஏனெனில் மிதமான பக்கக்காற்றில் அந்த விசையின் ஒரு கூறு காரை முன்னோக்கித் தள்ளி மின்சாரத்தை மிச்சப்படுத்தும். அதே கூண்டு பலத்த காற்றில் காரைப் பக்கவாட்டில் தள்ளவும் செய்யும். எதிர்த்திசையில் பல இழுவைப் பெட்டிகளோடு வரும் ரோடு ட்ரெயின் கடந்துபோகும் நொடியில் காற்றின் திசையும் வலுவும் சட்டென்று மாறும்போது, இருநூறு முந்நூறு கிலோ எடையுள்ள வாகனத்தின் ஓட்டுநருக்குக் கிடைக்கும் அவகாசம் மிகச் சிறிது.

தீயைப் பொறுத்தவரை, எந்த இடத்தில் தொடங்கினாலும் இத்தகைய காரில் அதை அணைப்பது கடினம். உடல் கார்பன் இழையும் எரியக்கூடிய பிசினும் கலந்தது. லித்தியம் அயனி பேட்டரியில் ஒரு செல் வரம்பு மீறிச் சூடானால், உள்ளே இருக்கும் பிரிப்புப் படலம் சிதைந்து, வெப்பத்தை வெளிவிடும் வேதிவினைகள் தாமாகத் தொடர்ந்து, அருகிலுள்ள செல்லுக்கும் அதைக் கடத்தும். மின்னழுத்தத்தையும் வெப்பநிலையையும் கண்காணிக்கும் மின்னணு அமைப்பு மின்சுற்றைத் துண்டிக்க முடியும். தொடங்கிவிட்ட வினையை அதனால் நிறுத்த முடியாது. செல்களுக்கு இடையில் இடைவெளியும் வெப்பத் தடுப்பும் வைத்தால் பரவல் தாமதிக்கும். ஆனால் 20 கிலோ வரம்பு செல்களின் எடையைக் குறிப்பது. தடுப்புச் சுவரும் உறையும் அதற்கு மேல் காரின் மொத்த எடையில் சேரும். ஒவ்வொரு கிலோவும் உருளல் தடையாகக் கணக்கில் வரும்போது, இந்த இடத்தில் எடையைக் கூட்டத் துணிவதற்கு வடிவமைப்புத் தலைவர் அணி முழுவதையும் எதிர்த்து நிற்க வேண்டியிருக்கலாம்.

இங்கேதான் 2007-ஆம் ஆண்டின் விதிகளின் மதிப்பு தெரிகிறது. நிமிர்ந்து அமர்வதும், தானாக வெளியேறுவதும் வேகத்தைக் குறைக்கும் தேவைகளாக அன்று பார்க்கப்பட்டன. எரியும் காரிலிருந்து ஒரு மாணவர் காயமின்றி வெளியே வருவதற்குத் தேவையான வழியை அந்த வகை விதிகளே முன்கூட்டி வரைந்து வைத்திருந்தன. வெளியேறும் பயிற்சியைப் பரிசோதனைக்கான சடங்காக எண்ணாமல் ஒவ்வொரு ஓட்டுநரும் தூக்கத்திலும் செய்யுமளவுக்குப் பழக வேண்டும் என்று அணிகளிடம் வலியுறுத்துவதற்கு இதைவிட வலுவான ஆதாரம் தேவையில்லை.

எரிந்த காருக்குப் பின்

எரிந்த காரோடு அடுத்த குழுவுக்குக் கிடைக்கவேண்டிய முதல் சொத்தும் போய்விட்டது. சோதனைக்கு ஓட்டிப் பார்க்கவும், பாகங்களைக் கழற்றி அளக்கவும் முந்தைய கார் இல்லை. 2021 பந்தயமோ பெருந்தொற்றால் ரத்தானது. எனினும் அளவீட்டுப் பதிவுகளும் ஆட்களும் எஞ்சியிருந்தார்கள். அந்த ஆண்டு ஐரோப்பிய அணிகள் மொராக்கோவில் தங்களுக்குள் ஒரு பந்தயத்தை நடத்திக்கொண்டன. விதிகள் மீண்டும் மூன்று சக்கரங்களை அனுமதித்ததால், டெல்ஃப்ட் மாணவர்கள் நூனா 11-ஐ மூன்று சக்கரங்களோடு கட்டினார்கள். அந்தப் பந்தயத்தில் வென்றது ட்வென்டே. 2023-இல் ஆஸ்திரேலியப் பந்தயம் திரும்பியபோது மீண்டும் லூவன் வென்றது. அதன் இன்ஃபினிட் காரின் மேல்புறத்தில் பக்கக்காற்றைப் பயன்படுத்திக்கொள்ளும் ஒரு துடுப்பு நின்றது. 2019-இல் ஒரு காரைச் சாலையை விட்டுத் தள்ளிய அதே விசையைக் கட்டுக்குள் கொண்டுவந்து உந்துவிசையாக்கும் முயற்சி அது.

2025-இல் பந்தயம் அக்டோபரிலிருந்து ஆகஸ்டுக்கு மாற்றப்பட்டது. தென்கோளத்தின் குளிர்காலக் கடைசியில் கதிரவன் தாழ்ந்தே செல்லும், பகல் பொழுதும் குறைவு. செல்களைச் சாய்க்கும் கோணம் முதல் அன்றாட வேகத் திட்டம் வரை அனைத்தையும் மறுபடி கணக்கிட வேண்டியிருந்தது. நூனா 13-ஐக் கட்டிய மாணவர்கள் அந்தக் கணக்கைப் போட்டு முடித்து, டெல்ஃப்டுக்கு எட்டாவது வெற்றியைப் பெற்றுத் தந்தார்கள்.